மார்ச் முதலாந் திகதியில் பிறந்தவர்கள்

இலங்கையர் ஒருவருடைய தேசிய அடையாள அட்டையிலே பெயரும் விலாசமும் புகைப்படமும் எத்துணைத் தெளிவாக அமைந்திருப்பினும், உத்தியோகக் கருமங்களில் முதன்மையாக மதிக்கப்படுவது அந்த அட்டையின் எண்ணேயாம். யுத்தம் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டார் அட்டையைக் கையில் எடுக்காமல் படலையைத் தாண்டத் துணிந்ததில்லை. யுத்தம் ஓய்ந்த பின்னரும், வங்கியிற் கணக்குத் திறக்கவும், கைத்தொலைபேசிக்குச் சிம் வாங்கவும், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவும் அந்த எண் வேண்டப்படுகிறது. கேட்பவர் மனிதராயிருந்தாலும், கேட்டு வாங்கிய எண்ணிலிருந்து பிறந்த திகதியையும் பாலையும் பிரித்தெடுப்பது இப்பொழுது பெரும்பாலும் ஒரு கணினிச் செய்நிரலே. அச்செய்நிரல் தன் கடமையைச் செவ்வனே செய்கிறதென்று எந்த ஆதாரத்தைக் கொண்டு நாம் நம்புவது? மென்பொருட் சோதனை என்னும் துறை முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றி வளர்ந்ததே ஆகையால், அத்துறையின் அடிப்படைக் கருத்துகளை விளங்கிக்கொள்வதற்கு நம் சட்டைப்பையிற் கிடக்கும் இந்த அட்டையினும் தகுந்த உதாரணத்தை நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டத்தின் வழியாக வந்த இவ்வட்டையின் பழைய எண், ஒன்பது இலக்கங்களையும் அவற்றின் இறுதியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்னும் ஓர் ஆங்கில எழுத்தையும் கொண்டது. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் ஈற்றிலக்கங்கள். அடுத்த மூன்றும், அவ்வாண்டின் எத்தனையாம் நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டுவன. எஞ்சியவை தொடரிலக்கமும் சரிபார்ப்பு இலக்கமுமாம். பெண்களாயின் நாளெண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே ஜனவரி முதலாந் திகதியிற் பிறந்த ஆணுக்கு 001 என்றும், அதே நாளிற் பிறந்த பெண்ணுக்கு 501 என்றும் வரும். 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் ஆண்டு நான்கு இலக்கங்களாக விரிந்து, எழுத்து நீங்கி, எண் முழுவதும் 12 இலக்கங்களாயிற்று. நாளெண்ணைக் கணக்கிடும் முறை மாத்திரம் மாறவில்லை. ஒருவருடைய வயதையும் பாலையும் ஊரார் எல்லாரும் படிக்கத்தக்க விதமாக எண்ணிலேயே பொறித்து வைப்பது விவேகமான காரியந்தானா என்று வாதிக்க நிரம்ப இடமுண்டு. அவ்வாதத்தை வேறொரு சமயத்துக்கு ஒதுக்குவோம்.

அந்த நாளெண்ணிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லா ஆண்டுகளும் நெட்டாண்டுகளே என்பதுபோல, பெப்ரவரி மாதத்துக்கு எப்பொழுதும் 29 நாட்கள் கொடுத்தே அது கணக்கிடப்படுகிறது. சாதாரண ஆண்டொன்றில் மார்ச் முதலாந் திகதி, பஞ்சாங்கக் கணக்கின்படி, அறுபதாம் நாள். அட்டையின் கணக்கிலோ அது 061. டிசம்பர் 31 ஆம் திகதி, 365 நாட்களே உள்ள ஆண்டிலும், 366 ஆகிவிடுகிறது. 060 என்னும் எண் நெட்டாண்டில், பெப்ரவரி 29 ஆம் திகதி பிறந்தவருக்கே உரியது. ஒருவர் எந்த ஆண்டிற் பிறந்தாலும் ஒரு திகதிக்கு ஒரே எண் என்ற வசதியை இம்முறை தருகிறது என்பது மெய்யே. ஆயினும் இச்சங்கதியை அறியாத ஒருவர் செய்நிரல் எழுதப் புகுந்தால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம்.

அவர் எண்ணிலிருந்து ஆண்டையும் நாளையும் பிரிக்கிறார். கணினியின் வழக்கமான நாட்காட்டியைக் கொண்டு, அந்த ஆண்டின் அத்தனையாம் நாள் எது என்று கேட்கிறார். கிடைத்த விடையைப் பிறந்த திகதி என்று திரையில் இடுகிறார். 1990 மார்ச் முதலாந் திகதி பிறந்தவருடைய 061 உள்ளே போகிறது; மார்ச் 2 வெளியே வருகிறது. இங்கே சோதனைத் துறையினர் சிரத்தையோடு வேறுபடுத்தும் மூன்று விஷயங்கள் அடங்கியுள்ளன. நாட்காட்டியைப் பற்றி எழுதியவர் மனத்தில் இருந்த தவறான எண்ணம் பிழை; அந்தப் பிழையின் பயனாகச் செய்நிரலில் நிலைபெற்றுவிட்ட குறை வழு; அந்த வழு ஓர் உள்ளீட்டினால் தூண்டப்பட்டு, பயன்படுத்துவோர் கண்முன்னே தவறான விடையாக வெளிப்படுவது பிறழ்வு. பிழை மனிதருடையது, வழு எழுத்தினுடையது, பிறழ்வோ ஓட்டத்தினுடையது. 2002 ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேச மென்பொருட் சோதனைத் தகைமைச் சபை தன் கலைச்சொற் கோவையில் இம்மூன்றையும் தனித்தனியே வரையறுத்திருப்பது வெறும் சொல்லாராய்ச்சி விருப்பத்தினாலன்று. வழு இருந்தும் பிறழ்வு தோன்றாமற் போகலாம் என்பதே இத்துறையின் தலையாய தொல்லை. 1992 ஆம் ஆண்டிற் பிறந்த எவருடைய எண்ணைக் கொடுத்தாலும் மேற்சொன்ன செய்நிரல் சரியான விடையையே தரும். ஏனெனில் அது நெட்டாண்டு. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பிறந்தவர்களுக்கும் எந்த ஆண்டானாலும் விடை சரியாகவே அமையும். சாதாரண ஆண்டின் எஞ்சிய 306 நாட்களிற் பிறந்தவர்களுக்கே ஒரு நாள் பிசகும்.

செய்நிரல் எழுதுவோர் பலர் முதன்முதலிற் செய்யும் சோதனை, தம்முடைய அட்டையெண்ணைத் தாமே தட்டிப் பார்ப்பது. எழுதியவர் 1992 இலோ, ஏதோ ஓர் ஆண்டின் தை மாதத்திலோ பிறந்தவராயின், தம் பிறந்த திகதி திரையில் பிசகின்றி வந்ததைக் கண்டு பூரண திருப்தியுடன் எழுந்து போய்விடுவார். அவர் செய்தது சோதனையன்று என்று கூறிவிட முடியாது. ஆனால் தம் வேலை சரி என்று தமக்கே காட்டிக்கொள்ளும் நோக்கத்தோடு செய்த சோதனை அது. கிளென்ஃபோட் மயர்ஸ் என்பவர் மென்பொருட் சோதனையின் கலையைப் பற்றி 1979 இல் வெளியிட்ட நூலில், வழுவைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு செய்நிரலை ஓட்டுவதே சோதனை என்று நிலைநாட்டினார். எழுதுபவரும் சோதிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நலம் என்ற வழக்கத்துக்கு இதுவே நியாயம். யாழ்ப்பாண நகரில் இன்று இயங்கும் மென்பொருள் நிறுவனங்களில் 'கியூ.ஏ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களும் யுவதிகளும், பக்கத்து மேசையிலிருப்பவரின் ஆக்கத்தில் குறை காண்பதற்காகவே சம்பளம் பெறுகின்றனர். அதனால் மனத்தாங்கல் உண்டாகாமற் பார்த்துக்கொள்வதும் அவ்வேலையின் ஒரு பகுதியே.

அப்படியாயின் எல்லா எண்களையும் கொடுத்துப் பார்த்துவிடலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். 12 இலக்கங்களால் அமையத்தக்க எண்கள் ஓர் இலட்சம் கோடி; விநாடிக்கு ஒன்றாகச் சோதித்தால் 31,000 ஆண்டுகளுக்கு மேலாகும். இத்தனைக்கும் இது ஒரேயொரு உள்ளீட்டுப் பெட்டி. பெயர், விலாசம், தொலைபேசி எண் என்று இன்னும் சில பெட்டிகள் சேருமாயின் அத்தொகை எந்தக் கணினியின் ஆயுளுக்கும் அடங்காது. முழுமையான சோதனை சாத்தியமன்று என்பது இதனாற் பெறப்படும். யாழ்ப்பாணக் கோட்டைக்கு இன்றுள்ள ஐங்கோண வடிவத்தைக் கொடுத்த ஒல்லாந்தரின் தேசத்திற் பிறந்த கணிதமேதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, சோதனையினால் வழுக்கள் உள்ளன என்று காட்டலாமேயன்றி, வழுக்களே இல்லை என்று ஒருபோதும் காட்ட இயலாது என 1969 அளவிலேயே வற்புறுத்தினார். அவர் அதிலிருந்து, செய்நிரலைக் கணிதத் தேற்றம்போல நிறுவவேண்டும் என்ற முடிவுக்குச் சென்றார். நிறுவுவதற்கு வேண்டிய காலமும் பொருளும் அரிதாகவே கிடைக்கும் சாதாரண உலகமோ, எந்தச் சில எண்களைத் தெரிந்தெடுத்தால் அதிக வழுக்கள் அகப்படும் என்ற ஆராய்ச்சியில் இறங்கிற்று.

அவ்வாராய்ச்சியின் முதற்பலன், உள்ளீடுகளைச் சமவகுப்புகளாகப் பிரித்தல். நாளெண் 001 முதல் 366 வரை ஆண்கள். 501 முதல் 866 வரை பெண்கள். 000 என்பதும், 367 முதல் 500 வரையுள்ளனவும், 867 முதல் 999 வரையுள்ளனவும் எவருக்கும் உரியனவல்ல. ஒரு வகுப்பிலுள்ள எண்களைச் செய்நிரல் ஒரே விதமாகவே நடத்தும் என்று கொண்டால், வகுப்புக்கு ஒன்றை எடுத்துச் சோதித்தல் போதும். ஆனால் வழுக்கள் வகுப்புகளின் நடுவிற் குடியிருப்பதைவிட எல்லைகளிலேயே மிகுதியாகக் குடியிருக்கின்றன என்பது அநுபவத்திற் கண்டது. 'குறைவு' என்று எழுதவேண்டிய இடத்தில் 'குறைவு அல்லது சமம்' என்று எழுதிவிடுவது எளிது. ஆதலால் 000, 001, 366, 367, 500, 501, 866, 867 என எல்லையின் இருபுறத்தையும் தொட்டுப் பார்ப்பதை எல்லைப் பெறுமானச் சோதனை என்பர். 366 ஐ நெட்டாண்டுகளுக்கு மாத்திரம் அநுமதிக்கும் செய்நிரல், சாதாரண ஆண்டுகளின் டிசம்பர் 31 ஆம் திகதியிற் பிறந்த ஒவ்வொருவரையும் 'செல்லுபடியாகாத எண்' என்று திருப்பி அனுப்பிவிடும். எல்லையைத் தொடாத சோதகர் ஆயிரம் எண்களைக் கொடுத்தாலும் இது வெளிப்படாமற் போகலாம். இவற்றோடு, நம் அட்டைக்கே விசேஷமான உள்ளெல்லை ஒன்றும் உண்டு: 059, 060, 061 என்னும் மூன்றையும், நெட்டாண்டிலும் சாதாரண ஆண்டிலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுத்துப் பார்க்கவேண்டும். இந்த உள்ளெல்லை எந்தச் சோதனைப் பாடநூலிலும் எழுதப்பட்டிராது. ஆட்பதிவுத் திணைக்களத்தின் வழக்கத்தை அறிந்தவருக்கே அது புலப்படும்.

உள்ளீட்டைத் தெரிந்தெடுத்தால் மாத்திரம் போதாது. எந்த விடை வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். உள்ளீடும், எதிர்பார்க்கும் விளைவும், சோதனைக்கு முன் இருக்கவேண்டிய நிலையும் சேர்ந்தே ஒரு சோதனை நேர்வாகும். எதிர்பார்க்கும் விளைவை எங்கிருந்து பெறுவது? செய்நிரலின் விடையைப் பார்த்த பின்னர் 'இது சரிபோலத் தோன்றுகிறது' என்று தலையசைப்பது சோதனையின் சத்துரு. சைவ சித்தாந்தம் கற்றோர் அளவை என்று எதனைக் குறிப்பரோ, அத்தகைய சுயாதீனமான பிரமாணம் ஒன்று இங்கும் வேண்டும். நம் உதாரணத்தில் நற்பேறாக அப்பிரமாணம் அட்டையிலேயே இருக்கிறது. எண்ணோடு பிறந்த திகதியும் தனியே எழுதப்பட்டுள்ளமையால் இரண்டையும் ஒப்புநோக்கலாம். (ஒப்புநோக்குவதற்காக அயலாரின் அட்டைகளைப் படமெடுத்துச் சேர்ப்பது கூடாது, சோதனைத் தரவு புனைந்து கொள்ளப்படவேண்டும்.) வேறு பல துறைகளில், உதாரணமாக வானிலையை எதிர்வுகூறும் செய்நிரல்களில், இத்தகைய பிரமாணம் எளிதிற் கிட்டாது.

இதுவரை சொன்னவை செய்நிரலின் உட்புறத்தை நோக்காமல், கொடுத்ததையும் பெற்றதையும் மாத்திரம் கொண்டு ஆராய்வன. இவற்றைக் கரும்பெட்டிச் சோதனை என்பர். வெண்பெட்டிச் சோதனையோ உள்ளே எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே செய்யப்படுவது. 'நாளெண் 500 ஐ விஞ்சுமாயின், அதிலிருந்து 500 ஐக் கழித்து, பால் பெண் என்று குறி' என்பது செய்நிரலின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்தால் அப்பகுதியின் எல்லாக் கூற்றுகளும் ஓடிவிடும், கூற்று நிறைவு நூற்றுக்கு நூறு என்று கருவி அறிக்கை தரும், மேலாளர் மகிழ்வார். ஆனால் 500 ஐ விஞ்சாதபோது பால் ஆண் என்று குறிக்க எழுதியவர் மறந்துபோயிருந்தால், ஆண்கள் எல்லாருடைய பாலும் வெறுமையாகவே நிற்கும். நிபந்தனையின் இரு கிளைகளிலும் ஒவ்வொரு முறையாவது சென்று பார்க்கவேண்டும் என்னும் கிளை நிறைவு இதனாலேயே கூற்று நிறைவினும் கடுமையான அளவாகிறது. நூற்றுக்கு நூறு என்ற தொகையைக் கண்டவுடன் சந்தேகப்படுவது நல்ல சோதகருக்கு அழகு என்பது என் அபிப்பிராயம்.

எல்லைகளைத் தொடாமையால் வந்த கேட்டுக்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1996 ஜூன் 4 ஆம் திகதி தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவிலிருந்து முதன்முறையாக எழுந்த ஏரியான் 5 என்னும் ரொக்கெற், ஏறக்குறைய 40 விநாடிகளில் வழிபிறழ்ந்து சிதறிற்று. அதன் திசையை அறிவிக்கும் செய்நிரல், முந்திய ஏரியான் 4 இல் குறைவின்றி உழைத்தது. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த 64 பிற்று எண்ணொன்றை அது 16 பிற்று முழுவெண்ணாக மாற்றிற்று. அவ்வாறான முழுவெண்ணில் அடங்கத்தக்க மிகப்பெரிய பெறுமானம் 32,767. பழைய ரொக்கெற்றின் வேகம் அவ்வெல்லையைத் தாண்ட இடமில்லாதிருந்தது; புதியதன் வேகம் தாண்டிற்று. பிரதான கணினி செயலிழந்தால் உதவுவதற்கென்று இரண்டாவது கணினியும் இருந்தது. அதிலும் அதே செய்நிரலே இருந்தமையால் அதுவும் உடன் செயலிழந்தது. புதிய ரொக்கெற்றின் பாதைக்குரிய பெறுமானங்களைக் கொண்டு அப்பகுதி சோதிக்கப்படவேயில்லை.

செய்நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே பார்ப்பது அலகுச் சோதனை என்றும், அவை ஒன்றோடொன்று பேசும் இடங்களைப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை என்றும், முழுவதையும் பார்ப்பது முறைமைச் சோதனை என்றும், கொள்வோர் தாமே பார்த்து ஒப்புக்கொள்வது ஏற்புச் சோதனை என்றும் படிப்படியாக வழங்கும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எதையும் ஓட்டாமல் தேவைக்குறிப்பைப் பலர் கூடிப் படிக்கும் மீளாய்வு ஒன்றுண்டு. பெப்ரவரிக்கு எத்தனை நாள் என்ற வினாவை அந்த வேளையில் ஒருவர் எழுப்பிவிட்டால், மேற்கூறிய வழு பிறவாமலே ஒழியும். அதனினும் மலிவான சோதனை வேறில்லை.

2016 இல் புதிய எண் வந்தபோது, பத்து எழுத்துகளையே எதிர்பார்த்திருந்த செய்நிரல்கள் 12 இலக்கங்களையும் ஏற்கும்படி திருத்தப்படவேண்டியதாயிற்று. இவ்வாறு திருத்தும்பொழுது புதிய எண் வேலை செய்கிறதா என்று பார்ப்பது இயல்பு. பழைய எண்ணுடையவர்கள் இன்னும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்களுக்கு முன்பு சரியாக நடந்தது இப்பொழுதும் சரியாக நடக்கிறதா என்று மறுபடி பார்ப்பதற்குப் பின்னடைவுச் சோதனை என்று பெயர். சலிப்புத் தரும் வேலையாதலால் இதனைக் கணினியைக் கொண்டே தானியக்கமாகச் செய்விப்பது வழக்கமாயிற்று. அதிலும் ஓர் அபாயமுண்டு. ஒரே மருந்தை வருடாவருடம் அடித்த வலிகாமத்து வெங்காயத் தறையில், அம்மருந்துக்கு மடியாத பூச்சிகளே எஞ்சிப் பெருகுவதைக் கமக்காரர் அறிவர். ஒரே சோதனைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அதற்கு அகப்படாத வழுக்களே செய்நிரலில் எஞ்சி நிற்கும். போரிஸ் பெய்சர் என்னும் அமெரிக்கர் இதற்குப் பூச்சிகொல்லி முரண்பாடு என்றே பெயரிட்டார். சோதனைகளையும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும் என்பது கருத்து.

எப்பொழுது சோதனையை நிறுத்துவது? வழு தீர்ந்தபோது என்று சொல்ல வழியில்லை. எஞ்சிய ஆபத்து தாங்கத்தக்கதாயிற்று என்று பொறுப்புடையோர் கருதும்போது நிறுத்தப்படுகிறது. ஒரு நாட்பிசகு, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் செய்நிரலில் அற்ப விஷயம். வாக்குரிமைக்கான 18 வயதைத் தீர்மானிக்கும் செய்நிரலில் அவ்வாறன்று. வழுவின் கடுமை வேறு, அதைத் திருத்தவேண்டிய அவசரம் வேறு. நிறுவனத்தின் பெயரை முகப்பிலே எழுத்துப்பிழையோடு காட்டும் வழுவுக்குக் கடுமை சிறிது, அவசரமோ பெரிது.

இனி, குறிப்பிற் சொன்னபடி கட்டினோமா என்று பார்ப்பது சரிபார்த்தல் என்றும், மக்களுக்கு வேண்டியதைத்தான் கட்டினோமா என்று பார்ப்பது ஏற்புடைமை காணல் என்றும் இருவேறாகச் சொல்லப்படும். குடும்பப் பெயரை நிரப்பினாலன்றி மேலே செல்லவிடாத விண்ணப்பப் படிவம், அமெரிக்காவில் எழுதப்பட்ட குறிப்பின்படி குறையற்றது. தகப்பன் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே எழுதும் யாழ்ப்பாணத்தாருக்கோ, அது தந்தையையும் பிள்ளையையும் இடம்மாற்றி அழைக்கும் படிவமாகிறது. அதனைப் பரிசோதிப்பவர் இந்த மண்ணின் வழக்கத்தை அறியாதவராயின், எல்லாச் சோதனைகளும் தேறின என்றே அறிக்கை எழுதுவார்.

எழுத்துகளின் விஷயம் இதனினும் நுட்பமானது. 'யாழ்ப்பாணம்' என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் ஆறு. 1991 இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிக்கோட் முறையிலோ, உயிர்மெய்யின் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகையால், அதே சொல் பதினொரு குறிகள், அவற்றை யூ.டி.எஃப்.-8 முறையிற் சேமித்தால் குறிக்கு மூன்றாக 33 பைற்றுகள். 'பத்து எழுத்துக்கு மேற்படாமல்' என்று வரையறுத்த பெட்டியிலே குறிகளை எண்ணிக் கடைசியை வெட்டும் செய்நிரல், ஈற்றுப் புள்ளியை உதிர்த்து 'யாழ்ப்பாணம' என்று நிறுத்திவிடும். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு எத்தனை நாள் சோதித்தாலும் இது தென்படாது; அங்கே எழுத்தும் குறியும் பைற்றும் ஒன்றே. இங்கே வெகுகாலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவின் கதை இன்னும் விநோதமானது: திரையில் 'யாழ்' என்று தோன்றுவது, உள்ளே ஏ, எச், ஓ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே.

இவற்றிலும் கண்ணுக்கே தெரியாத வேறுபாடு ஒன்றுண்டு. 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே எனக் கொள்ளப்படவேண்டும் என்பது யூனிக்கோட்டின் விதி. கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகத் தட்டிய பாமினிப் பிரதிகளை மாற்றும்போது, மாற்றும் கருவி கவனமின்றி எழுதப்பட்டிருந்தால், இரண்டாம் வடிவம் புகுந்துவிட இடமுண்டு. அப்பொழுது ஒருவர் 'கொக்குவில்' என்று தேட, பட்டியலிற் பளிச்சென்று நிற்கும் 'கொக்குவில்' அகப்படாமலே போகும். இந்த வழுவைப் பிடிக்க விரும்பும் சோதகர் தரவுக்காக வெகுதூரம் அலையவேண்டியதில்லை: கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், கொடிகாமம், பொன்னாலை, தொல்புரம், தொண்டைமானாறு என்று குடாநாட்டின் ஊர்ப்பெயர்களை இரு வடிவங்களிலும் எழுதி, ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தேடச் செய்தாலே போதும்.